இரண்டாம் கொட்டகையின் தாகம்

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான். சட்டைக்கு மேல் நீல அங்கி மாட்டச் சொன்னார்கள், மாட்டினான். அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது, அதற்கு அவன் என்ன செய்வான். கடைசியில் ஊதா நிறத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் இரண்டு காலையும் முக்கிவிட்டு வரச் சொன்னபோதுதான் ஒட்டடைக்குப் பொறுமை போயிற்று.

"மேடம், நாம துப்பறிய வந்தோமா, சாயம் போட வந்தோமா?"

மேடம் தன் காலை முக்கி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினார். கோழிகளுக்கு நம் மூலம் நோய் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வாசலில் ஒரு பலகை சொன்னது. கோழிகள் மூலம் நமக்கு ஏதாவது வந்தால் என்ன ஏற்பாடு என்று பலகையில் இல்லை.

ஒட்டடை என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஆறடி இரண்டங்குல உயரம், அதற்கு ஈடான சதை கிடையாது; ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் சோம்பல்பட்டுப் பாதியை விட்டுவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில், பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் அதிகாரியாக மேடம் இருந்தபோது, அவருடைய அறிக்கைகளை டைப் அடித்தவன் இவன். மேடம் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் வைத்தபோது கூடவே வந்துவிட்டான். விசுவாசம் என்று அவன் சொல்லிக்கொள்கிறான். அவன் வாயை வேறு யாராலும் தாங்க முடியாது என்பது பழைய ஆபீஸ்காரர்கள் சொல்வது.

அப்போது மணி பதினொன்று பத்து. நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டிய வேலை.

முந்தைய நாள் பண்ணைக்காரர் அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்ன விஷயம் இதுதான். அவருடைய பண்ணையில் இரண்டு கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் பிராய்லர் கோழிகள். குஞ்சு இறக்கிய பதினெட்டாவது நாள் இரண்டு கொட்டகையிலும் ஒரே நோய் புகுந்துவிட்டது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, மூச்சு வாங்கி, இரண்டு நாளில் செத்துப்போகிற நோய். அதற்கென்று ஒரு பாக்கெட் மருந்து உண்டு. அதை வருஷக்கணக்காகத் தும்மலுக்கும் துவளலுக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்ததில், கிருமி இப்போது அந்த மருந்தை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இப்படி ஒரு நாள் ஆகும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. அவர் கால்நடை டாக்டர். கிராம்பும் ஓமமும் சேர்ந்த எண்ணெய்க் கலவை ஒன்றைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

ஆக, முதல் கொட்டகைக்கு ஐந்து நாள் பாக்கெட் மருந்து; பொறுப்பு கணவர். இரண்டாம் கொட்டகைக்கு அதே ஐந்து நாள் எண்ணெய் மட்டும், பொறுப்பு டாக்டரம்மா. ஒரு கொட்டகை ஆள் இன்னொரு கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

முதல் கொட்டகையில் ஆயிரத்து நூற்று நாற்பது கோழிகள் செத்தன. இரண்டாம் கொட்டகையில் தொண்ணூற்றாறு. டாக்டரம்மாவுக்கு நான்கு நாள் கால் தரையில் பாவவில்லை. ஐந்தாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் கொட்டகைக் கோழிகளின் ஈரலில் அதே பாக்கெட் மருந்து இருக்கிறது, எண்ணெய் மட்டும் என்று சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக மருந்தும் கொடுத்திருக்கிறீர்கள் என்றது கடிதம். இன்று நான்கு மணிக்கு அதிகாரி நேரில் வருகிறார். அதற்குள் விளக்கம் தராவிட்டால் மோசடி என்று எழுதிவிடுவார். எழுதினால் டாக்டரம்மாவின் லைசென்ஸ் போகும்.

"என் மனைவி பண்ணல. நூத்துக்கு நூறு எனக்குத் தெரியும்" என்று பண்ணைக்காரர் மூன்று தடவை சொன்னார்.

கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று ஒட்டடை விசாரித்தான். பதினொன்று என்றார். பதினொரு வருஷத்துக்குப் பிறகும் மனைவியைப் பற்றி நூற்றுக்கு நூறு தெரியும் என்று சொல்கிற ஆளை அவன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். மேடமும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இன்று பண்ணைக்காரர் அவர்களை இரண்டாம் கொட்டகை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, தரையில் கிழித்திருந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். தான் முதல் கொட்டகை ஆள், இதைத் தாண்டக் கூடாது என்றார். மனிதர் சட்டையில் மூன்று பேனா, மூன்றும் மூடியோடு. அளவுகோல் வைத்துச் சீவிய தலை. ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு.

கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. கிராம்பு. ஒட்டடையின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"பல்லு பிடுங்க வந்த மாதிரி இருக்கு மேடம்."

உள்ளே உமி பரப்பிய தரையில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளைக் கோழிகள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்த்த அளவு போதும் என்று தீவனத்துக்குத் திரும்பின. அந்தக் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளுக்குத் தராசக்கா என்று பெயர். கோழியைக் கையில் தூக்கினால் எடையைச் சொல்லிவிடுவார், பத்து கிராம் இப்படி அப்படி இருக்கலாம், அவ்வளவுதான். ஒட்டடையைத் தூக்காமலே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்பத்தொம்பது" என்றார். வீட்டு மெஷினிலும் அதே ஐம்பத்தொன்பதுதான்.

மேடம் விசாரித்தார். டாக்டரம்மா காலை ஏழு மணிக்கு வந்து எண்ணெய் கலந்துவிட்டு, பத்து மணிக்குத் தன் கிளினிக்குக்குப் போய்விடுவார். அதன் பிறகு தராசக்கா ஒருவர்தான். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் இரண்டு கொட்டகை ஆட்களும் முன்பக்கத்து அறையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. கோழியை யார் திருடப் போகிறார்கள்? வித்தியாசமாக எதையாவது பார்த்தீர்களா என்று ஒட்டடை கேட்டான். ஒன்றுமில்லை என்றார் தராசக்கா. ஏற்கெனவே ஆய்வுக்கூடத்துக்காரர்களிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

மேடம் கேள்வியை மாற்றினார்.

"கோழிங்களைத் திட்டினீங்களா? அந்த அஞ்சு நாள்ல என்னிக்காவது?"

தராசக்கா சிரித்துவிட்டார். திட்டாமலா? சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உள்ளே வந்தால், மொத்தக் கூட்டமும் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற குழாய். காணாததைக் கண்டதுபோல அடித்துக்கொள்ளும். முந்தின நாள் இல்லை, பிந்தின நாள் இல்லை, சரியாக அந்த ஐந்து நாள். "தண்ணியே பாக்காத ஜென்மங்களா" என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறார். குழாயையும் பார்த்தார், தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. கோழியைத் திட்டியதெல்லாம் ஒரு விஷயமா என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு நீலத் திருகு இருந்தது. மேடம் அதை ஒரு தடவை மூடித் திறந்தார். சத்தமே இல்லை.

"ஒரு மணிக்கு யாரோ தண்ணியை மூடியிருக்காங்க. ரெண்டு மணிக்குள்ள திறந்து விட்டிருக்காங்க. எதுக்கு ஒட்டடை?"

"கோழிங்க மேல ஏதாவது முன்பகை இருக்கும் மேடம்."

காரில் ஏறியதும் அவன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். மருந்து ஏஜென்ட்தான். எண்ணெய் ஜெயித்துவிட்டால் அந்த ஆள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே புகுந்து, தண்ணீரில் மருந்தைக் கலந்து, டாக்டரம்மாவை மாட்டிவிட்டிருக்கிறான். வழக்கு முடிந்தது, சாப்பிடப் போகலாம். மேடம் சாப்பாட்டை மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் பிறகு.

மருந்து ஏஜென்ட்டின் கடையில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே மனிதர் கழுத்து வரைக்கும்தான் தெரிந்தார். ஒளிவு மறைவில்லாத ஆள். எண்ணெய் விஷயம் தனக்குப் பிடிக்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லியிருக்கிறேன், அவர் தோற்றால் எனக்குச் சந்தோஷம்தான் என்று, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினார். ஒட்டடைக்கு முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் எதையும் செய்திருக்க மாட்டான்.

மேடம் அவரிடம் கேட்டது ஒன்றுதான். இந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும்?

ஏஜென்ட்டின் முகம் மலர்ந்துவிட்டது. இதை இதுவரைக்கும் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. முதலில் ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்த வேண்டும். கோழிக்குத் தாகம் எடுக்க வேண்டும். பிறகு எடைக்குத் தகுந்த அளவு மருந்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விட்டால், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எல்லாக் கோழியும் குடித்துவிடும். அதுதான் சரியான முறை. நூறு பண்ணைக்குச் சொன்னால் ஒருவர்கூடக் கேட்பதில்லை. தாகத்தில் கோழி கத்தினால் மனசு கேட்காமல் திறந்து விட்டுவிடுவார்கள்.

"சும்மா ஆய்வுக்கூடத்துல மருந்து தெரியணும், மாட்டிவிடணும், அவ்வளவுதான் நோக்கம்னா?" என்று ஒட்டடை விடாமல் கேட்டான்.

"அதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு? ஒரு பாக்கெட்டைப் பிரிச்சுத் தொட்டியில கொட்டிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்."

மேடம் தலையாட்டினார். ஒட்டடைக்கும் விளங்கிவிட்டது. கெடுக்க நினைக்கிறவன் அளந்து கொடுக்க மாட்டான், ஐந்து நாள் விடாமல் வரமாட்டான், தாகம் எடுக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்க மாட்டான். கொடுத்தவர் யாராக இருந்தாலும், அந்தக் கோழிகள் பிழைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

"இந்த வட்டாரத்துல அப்படி முறையாச் செய்யறது ஒரே ஒரு பண்ணைதாங்க. டாக்டரம்மா பண்ணை. அந்தம்மா சொல்லிக் கொடுத்தது" என்று ஏஜென்ட் பெருமையாக முடித்தார்.

காரில் திரும்பும்போது ஒட்டடை பாட்டுப் போடவில்லை. கோழிகள் பிழைக்க வேண்டும் என்று நினைத்த ஆள். முறை தெரிந்த ஆள். உள்ளே போனாலும் யாரும் கேள்வி கேட்க முடியாத ஆள். மூன்றுக்கும் ஒருவர்தான் பொருந்துகிறார். பாவம், அந்தக் கணவர் நூற்றுக்கு நூறு என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவனுக்கு மனசே சரியில்லை. தன் கட்சிக்காரருக்கு எதிராகவே துப்புத் துலக்கிக்கொண்டு போகிற அலுவலகம் ஊரில் இது ஒன்றுதான் இருக்கும்.

கிளினிக்கில் டாக்டரம்மா ஒரு பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பூனைக்கு அதில் சம்மதமில்லை. நாற்பது வயது இருக்கும், தூக்கிச் சொருகிய முடி, தூக்கமில்லாத கண். மேடம் சுற்றி வளைக்கவில்லை. மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. கொடுத்திருந்தா எழுதியிருப்பேன். எழுதாத சோதனை எதுக்கு?"

அந்த ஐந்து நாளும் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும் எங்கே இருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. இங்கேதான், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. சாட்சி யாரும் உண்டா? இல்லை. ஒட்டடை பூனையைப் பார்த்தான். பூனையும் அந்த வாரம் ஊரில் இல்லை போலிருந்தது.

மற்ற நாளாக இருந்தால் சாட்சி இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. தினமும் ஒரு மணிக்குக் கணவர் சாப்பாடு கொண்டுவருவார், இரண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினொரு வருஷத்துப் பழக்கம். அந்த வாரம் மட்டும் அவர் வரும்போது இரண்டரை மணி ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். ஐந்து நாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை, பல் மரத்துப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் வந்தாலே கிராம்பு வாசம். தலைகூடத் துவட்டாமல் ஈரத்தோடு ஓடி வருவார், பாவம்.

"பல் டாக்டர் தலைக்கும் தண்ணி ஊத்தி விட்டாரா?" என்றான் ஒட்டடை. பழக்கதோஷம். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் இது அதற்கான இடமில்லை என்று உறைத்தது.

மேடம் திரும்பி அவனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். மேடம் திட்டவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏழு வருஷத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்து அவன் பார்த்தது நான்கே தடவை. நான்கு தடவையும் அன்றைக்கே யாரோ ஒருவர் மாட்டினார்.

"எந்தப் பல்லுன்னு கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"கேக்கலை. அவர் சொன்னா நான் நம்பிடுவேன். அதுக்குன்னு எக்ஸ்ரேவா எடுத்துப் பார்ப்பாங்க?"

பூனை இந்தச் சமயம் பார்த்துத் தப்பித்தது. பிடித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். நான்கு மணிக்குத் தானும் வந்துவிடுவதாக டாக்டரம்மா சொன்னார்.

பண்ணை அலுவலகத்தில் மூன்றரைக்குப் பண்ணைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். அதிகாரி வருகிறார் என்று மேஜைக்கு முன்னால் நான்கு நாற்காலி, மேஜை மேல் நான்கு தண்ணீர் பாட்டில், எல்லாம் ஒரே வரிசையில். மேடம் உள்ளே போய்க் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார்.

"வாயைத் திறங்க."

பண்ணைக்காரர் அதிர்ச்சியிலேயே திறந்துவிட்டார். மேடம் டார்ச் அடித்து மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் எல்லாம் பார்த்தார். ஒட்டடையும் எட்டிப் பார்த்தான். அடைத்த பல் ஒன்றுகூட இல்லை. விளம்பரத்துக்குப் போடலாம், அப்படிப்பட்ட முப்பத்திரண்டு.

"அஞ்சு நாள் வைத்தியம் பார்த்த பல்லு எது?"

மேடம் உட்கார்ந்து, ஒரு கடிதத்தைப் படிக்கிற குரலில் சொன்னார். கிராம்பு வாசம் இரண்டே இடத்தில்தான் வரும், ஒன்று பல் டாக்டர், இன்னொன்று உங்கள் இரண்டாம் கொட்டகை. ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது உங்கள் பண்ணை விதி, அதனால் தலையில் ஈரம். திருட்டுத்தனமாக நுழைகிறவர்களில் குளித்துவிட்டு நுழைகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மனைவி செய்யவில்லை என்பது உங்களுக்கு நூற்றுக்கு நூறு தெரியும். தெரியாமல் எப்படி? செய்தது நீங்கள்.

பண்ணைக்காரர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஆறு மாதம் அவள் தூங்காமல் உழைத்தாள். எண்ணெய் படுத்துவிட்டால் ஊரே சிரிக்கும், அவள் தாங்க மாட்டாள். மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அவள்தான் சொன்னாள், ஆனால் இருபது வருஷமாக அடங்கிய கிருமிதானே என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டால் கோழிகள் பிழைக்கும், அவள் பெயரும் பிழைக்கும்.

"அப்புறம் எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்றான் ஒட்டடை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அவ பண்ணலன்னு யாராவது எழுதிக் கொடுத்தாப் போதும்னு நெனச்சேன். யாரு பண்ணாங்கன்னு வரவேண்டாம்னு பார்த்தேன்."

"பாதித் துப்பு எங்க கடையில விக்கறதில்லைங்க."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் உள்ளே வந்து கணவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை, கத்தவில்லை. மேஜை மேலிருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்தார். வரிசை கலைந்தது. பண்ணைக்காரரின் கை அதைச் சரி பண்ணப் போய், பாதியில் நின்றுவிட்டது.

நான்கு மணிக்கு ஆய்வுக்கூட அதிகாரி வந்தார். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிற ஆள். பண்ணைக்காரர் எழுந்து நின்று, செய்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மனைவியைக் காப்பாற்றக் கணவன் எதை வேண்டுமானாலும் சொல்வான், ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். பண்ணைக்காரர் வெளியே போய்த் தன் வண்டியின் டிக்கியைத் திறந்து ஒரு பை கொண்டுவந்தார். அதில் பத்துக் காலி மருந்துப் பாக்கெட்டுகள். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் மேலும் தேதியும் நேரமும் எழுதியிருந்தார். காலிப் பாக்கெட்டைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது பண்ணை விதி.

குற்றம் செய்துவிட்டு அதற்குச் சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்த ஆளை மேடம் தன் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

அதிகாரி பாக்கெட்டுகளை எண்ணினார், தேதிகளைப் பார்த்தார், திருப்தியானார். டாக்டரம்மாவின் மேல் தவறில்லை, மோசடி என்று எழுதமாட்டேன் என்றார். ஒட்டடை மூச்சு விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அதிகாரி தொடர்ந்தார்.

"ஆனா சோதனை செல்லாதும்மா. கோழிங்களைக் காப்பாத்தினது மருந்து. எண்ணெய்னு நீங்க சொன்னது தப்புன்னு எழுத வேண்டியிருக்கு."

டாக்டரம்மாவின் லைசென்ஸ் பிழைத்தது. அவர் சொன்ன சொல் பிழைக்கவில்லை. ஆறு மாத உழைப்பு அந்த அதிகாரியின் பேனா முனையில் நின்றது. பண்ணைக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உள்ளே வந்த பிறகு முதல் தடவையாகக் கணவரிடம் பேசினார்.

"முதல் ஷெட்ல ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?"

"ரெண்டு."

"எத்தனை நாள்?"

"அஞ்சு."

"என் ஷெட்ல?"

"அதே ரெண்டு. அதே அஞ்சு. தண்ணியை நிறுத்தித்தான் கொடுத்தேன், நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. ஒரு கிராம்கூட மாறலை."

டாக்டரம்மா அதிகாரியின் பக்கம் திரும்பினார். குரல் கிளினிக்கில் கேட்ட அதே குரல்.

"சார், ரெண்டு ஷெட்லயும் ஒரே மருந்து. ஒரே அளவு, ஒரே அஞ்சு நாள், ஒரே ஆள் கை. ஒண்ணுல ஆயிரத்து நூத்தி நாப்பது போச்சு. இன்னொண்ணுல தொண்ணூத்தாறு. காப்பாத்தினது மருந்துதான்னா, முதல் ஷெட்டை அது ஏன் காப்பாத்தலை?"

அதிகாரி கோப்பைப் பிரித்து உள்ளேயிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார். கிருமிப் பிரிவு அனுப்பியது. இரண்டு கொட்டகையிலும் ஒரே கிருமி, இந்த மருந்துக்கு அது கட்டுப்படாது என்று அதில் இருந்தது. கடிதத்துக்குப் பத்து நாள் வயது. மருந்தைத் தேடியது வேறு பிரிவு, கிருமியைப் பார்த்தது வேறு பிரிவு என்று அதிகாரி விளக்கினார்.

"ரெண்டு பிரிவுக்கும் நடுவுல கதவு இருக்குங்களா, சுவரா?" என்றான் ஒட்டடை. மேடம் அவனைத் தடுக்கவில்லை.

காலையிலிருந்து எல்லாரும் திருடனையே தேடிக்கொண்டிருந்தார்கள். திருட்டு எதையாவது சாதித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பண்ணைக்காரர் ஒளிந்து ஒளிந்து கொடுத்த மருந்து இரண்டாம் கொட்டகையில் ஒரு கோழியையும் காப்பாற்றவில்லை. அவர் அதை அவ்வளவு ஒழுங்காகக் கொடுத்ததால்தான் இன்று அது தெரிகிறது. எண்ணெய் தனியாகவே போதும் என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன், அதற்கு இன்னொரு சோதனை வேண்டும், காப்பாற்றியது மருந்து இல்லை என்று மட்டும் சொல்வேன் என்றார் டாக்டரம்மா. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துவிட்டுப் பேனாவால் தாடையைச் சொறிந்தார். ஒரு சங்கடம் இருக்கிறது என்றார். மருந்து கொடுத்தவர் வெளியாள் இல்லை, கணவர். எண்ணெய் ஜெயிக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஏதோ செய்துவிட்டார்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்களே.

டாக்டரம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் வேலை செய்யும்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஐந்து நாள் பல்லை வைத்துச் சொன்னவர்தானே. ஒட்டடை அவர் பொய் சொல்லிவிட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டான்.

"இல்லை" என்றார் பண்ணைக்காரர். "ஒரு நாள்கூட நெனக்கலை."

டாக்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அதை எழுதிக் கொடுங்க. எண்ணெயை நம்பாத ஆள் அதை ஜெயிக்க வைக்கப் பார்த்தாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

பண்ணைக்காரர் சட்டையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்ற இரண்டு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது. 'என் மனைவியின் எண்ணெய் வேலை செய்யும் என்று நான் நம்பவில்லை' என்று எழுதினார். எழுத்து ஒழுங்காக இல்லை. கையெழுத்துப் போட்டார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, இது போதும், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றார்.

டாக்டரம்மா தாளை எடுத்து அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தார். பிறகு அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நம்பலைன்னு எழுதிட்டீங்க. எது வரைக்கும்னு போடலையே."

பண்ணைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு குனிந்து, கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டு, 'இன்று மாலை நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம் வரை' என்று எழுதினார்.